இரண்டு பெயர் வைத்த நாய்

"ஏன் புள்ள நாயக் கொன்ன?"

நான் எழுதிய கதையைக் கேட்டு முடித்ததும் சித்தி கேட்டது இவ்வளவுதான். சித்திக்குச் சின்ன எழுத்து பிடிபடாது. அதனால் சஞ்சிகையைக் கையில் வைத்துக்கொண்டு நானே வாசித்துக் காட்டினேன். ஏழு பக்கம். நடுவில் ஒரு தடவை எழும்பிப் போய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்தாள். கடைசிப் பக்கத்தில், நாயைப் புலி இழுத்துக்கொண்டு போகிற இடம் வந்தபோது என் குரல் தானாக இறங்கியது. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், சித்தியின் காலடியில் அந்த நாய் படுத்திருக்கிறது. பின்னங்கால்களை நீட்டி, இடுப்பைச் சுற்றி மயிர் முளைக்காத ஒரு கோடு தெரிய, நல்ல தூக்கம்.

கதைக்கு அப்படி ஒரு முடிவு தேவைப்பட்டது என்று ஏதோ சொன்னேன். "கதைக்கா?" என்றாள் சித்தி. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வைத்தாள். அந்தக் கதையைப் பலர் பாராட்டியிருந்தார்கள். மலையகத்தின், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துச் சனத்தின், வலியை உள்ளபடி சொன்ன கதை என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பாராட்டுகளெல்லாம் இப்போது எனக்கு நினைவில் சரியாக இல்லை. சித்தியின் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது, கொப்பி திருத்தும்போது, நினைத்திராத நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை இன்று எழுதியே தீர்ப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

திரும்பி வருகிறவர்களின் கதைகள்

ஒரு சின்ன டவுன், முன்பொரு காலத்தில் பிரிந்துபோன இரண்டு பேர், நடுவில் ஒரு நாய். இந்த மாதிரிக் கதைகள் மேல் எனக்குள்ள பிரியம் இன்று நேற்று வந்ததல்ல. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில், கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் மில்ஸ் அண்ட் பூன் புத்தகங்கள் குவியலாகக் கிடக்கும். 1908இல் லண்டனில் தொடங்கிய பதிப்பகம். என் கைக்கு வந்தவை யார் யாரோ வாசித்து, மழைக்காலத்து ஈரம் ஏறி, அட்டை கழன்ற பிரதிகள். ஆங்கிலம் பழகத்தான் வாங்குகிறேன் என்று தோழிகளிடம் சொல்வேன். உண்மையில் அந்தக் கடைசிப் பத்துப் பக்கங்களுக்காகத்தான் வாங்கினேன். இப்போது போனிலேயே வாசிக்கக் கிடைக்கிறது. இரவு சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, நாளைய பாடக் குறிப்பும் எழுதிவிட்டு, கம்பளிக்குள் புகுந்து ஒரு மணித்தியாலம் வாசித்தால் அடுத்த நாளைக்குத் தெம்பு வந்துவிடும்.

கதைப் போக்கு அனேகமாக ஒன்றுதான். நகரத்தில் அவளுக்கு எல்லாம் உடைந்து போயிருக்கும். பாட்டி செத்துப்போய் ஊரில் ஒரு வீட்டையோ கேக் கடையையோ அவள் பெயருக்கு எழுதி வைத்திருப்பார். விற்றுவிட்டுப் போகலாம் என்றுதான் வருவாள். வந்த அன்றைக்கே பழைய காதலன் ஆணிக் கடையில் எதிர்ப்படுவான். பத்து வருடம், பன்னிரண்டு வருடம் பேசாதவர்கள். பார்த்ததும் இருவருக்கும் கோபம். அப்போது எங்கிருந்தோ ஒரு நாய் ஓடி வந்து அவள் மேல் முன்னங்கால்களை வைக்கும். அது அவனுடைய நாயாக இருக்கும். முடிவு என்ன என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அமெரிக்காவின் காதல் கதை எழுத்தாளர் சங்கம் காதல் நாவலுக்கு இரண்டு இலக்கணம்தான் சொல்கிறது: கதையின் நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனம் நிறைவதாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். முடிவு தெரிந்த கதையை ஏன் வாசிக்கிறாய் என்று கேட்பார்கள். திருவிழாவில் சாமி எந்த வழியாகப் போய் எங்கே வந்து நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாராவது வாசலுக்கு வராமல் இருக்கிறார்களா?

நாய் இந்தக் கதைகளில் அழகுக்காக வருகிறது என்று கனகாலம் நினைத்திருந்தேன். அது எனக்கு விளங்கியதே சித்தியின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான். பிரிந்த இரண்டு பேரைச் சுற்றி ஊர் முழுக்கப் பழைய கணக்கு நிற்கிறது. யார் யாரை ஏமாற்றியது, யார் வீட்டில் யார் என்ன பேசியது, எந்தக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பேரேடு இருக்கும். அந்த ஊரில் அந்தக் கணக்கு தெரியாத ஒரே சீவன் நாய். அது இந்த வாசலிலும் நிற்கும், அந்த வாசலிலும் நிற்கும். அதைத் தேடிக்கொண்டு ஒருவர் இன்னொருவர் வாசலுக்குப் போகலாம். போனவர் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. "நாயைத் தேடி வந்தேன்" என்றால் முடிந்தது.

இது பழைய உத்திதான், கிரேக்கக் கவி ஹோமர் காலத்திலிருந்தே இருக்கிறது. 20 வருடம் கழித்து ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் சொந்த ஊருக்கு வருகிறான். மனைவிக்கு அடையாளம் தெரியவில்லை. வேலைக்காரர்களுக்கும் தெரியவில்லை. எருக்குவியல் மேல் கிடக்கிற கிழட்டு நாய் ஆர்கோசுக்குத் தெரிகிறது. வாலை ஆட்டுகிறது, காதைத் தாழ்த்துகிறது, எழும்பி வரத்தான் அதற்குச் சக்தி இல்லை. வேடம் கலைந்துவிடும் என்பதால் அவனாலும் பக்கத்தில் போக முடியவில்லை. யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். நாய் செத்துப்போகிறது. என் கதையில் நாயைக் கொன்றதற்கு ஆர்கோசை எனக்கு நானே காரணமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆர்கோஸ் செத்த பிறகும் ஒடிசியஸ் வீட்டுக்குள் போகிறான், பெனிலோப்பியோடு சேருகிறான். நான் நாயையும் கொன்று, வாசலையும் சாத்தியிருந்தேன்.

மேல் லயம், கீழ் லயம்

நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் தொழிலாளர்கள் இருக்கிற வரிசை வீடுதான் லயம், அதில் ஓர் அறை ஒரு காம்பரா. சித்திக்கு இருபது வயதில் மேல் லயத்து ஒருவரோடு விருப்பம் இருந்தது. 1990களின் நடுப்பகுதி. அவர் தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற மலையிலிருந்து விறகு கட்டிக்கொண்டு வந்து, பீலிக்கரைக்கு மேலே வைத்துவிட்டுப் போவார். சித்தி தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் எடுத்துக்கொண்டு வருவாள். வீட்டுக்குத் தெரிந்தபோது "முறை வராது" என்றார்கள். முறை என்ற சொல்லுக்குப் பின்னால் நின்ற காரணம் வேறு. எங்கள் தோட்டத்தில் அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். மாமா, அதாவது சித்தியின் அண்ணன், அதில் மிகவும் உறுதியாக நின்றார். மூன்று மாதத்துக்குள் சித்தியைப் பதுளைப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வாழ்க்கையைப் பற்றிச் சித்தி பேசுவதில்லை, நானும் எழுதப் போவதில்லை. அது முடிந்த பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஒன்பது வருடம் இருந்தாள். 2018இல் முதுகு வலியோடும் இரண்டு பெட்டிகளோடும் வந்து அண்ணன் காம்பராவில் ஒரு மூலையில் தங்கினாள்.

அந்த மேல் லயத்துக்காரர் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் இருந்தார். அவருக்கும் கல்யாணம் நடந்தது, மனைவி நோயில் தவறிவிட்டார், மகளையும் கட்டிக் கொடுத்தாயிற்று. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள் அல்லவா, அதற்கு முந்திய நாட்களில் கொழும்புக் கடைகளிலிருந்து எத்தனையோ பேர் மலைக்கு ஏறினார்கள். அவரும் ஏறினார். கடை திரும்பத் திறந்தபோது அவருக்கு இடம் இல்லை. அந்த நாவல்களில் பாட்டி எழுதி வைத்த வீட்டுக்கு ஆட்கள் திரும்பி வருகிறார்கள். எங்கள் ஆட்கள் திரும்பி வந்தால் தம்பி காம்பராவின் இஸ்தோப்பில், முன் திண்ணையில், பாய் விரிக்கிறார்கள்.

குட்டியாக இருந்தபோது அந்த நாயை யாரோ ரோட்டோரத்துத் தேயிலைக்குள் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். டவுன்காரர்கள் பெட்டைக் குட்டிகளைத்தான் அதிகமாகக் கொண்டுவந்து விடுவார்கள், இது ஆண். பழுப்பு நிறம், மூக்கில் மட்டும் கறுப்பு. காலையில் மேல் லயத்தில் அவர் போடுகிற ரொட்டித் துண்டு, பகலில் கீழே சித்தி வைக்கிற சோறு என்று அது வளர்ந்தது. அவர் அதற்கு மணி என்று பெயர் வைத்திருந்தார். சித்தி ராசா என்று கூப்பிட்டாள். இரண்டு வீட்டில் சாப்பிடுகிற விஷயம் இரண்டு பேருக்கும் தெரியாது. "என்னா இது, இவ்வளவு கொஞ்சமாத் தின்னுட்டு இப்படிக் கொழுக்குது" என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் கண்ணூறு படாமல் இருக்கட்டும் என்று பழைய வொயில் சேலையில் ஒரு கீற்றுக் கிழித்து அதன் கழுத்தில் கட்டிவிட்டாள். நீல நிறம். நாலைந்து நாள் கழித்து அந்தத் துணியின் மேலேயே ஒரு சின்ன வெண்கல மணியும் சேர்ந்து வந்தது, சணல் நூலில் கட்டி. யார் கட்டினார்கள் என்று தெரியுமா என்று பின்னாட்களில் நான் சித்தியிடம் கேட்டேன். தெரியாது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "முடிச்சு தெரியும்" என்றாள். விறகுக் கட்டில் அவர் போடுகிற முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே மடித்து, ஒரு பக்கம் இழுத்தால் அவிழ்ந்துவிடும்படி. தண்ணீர்க் குடத்தோடு வருகிற பெண் ஒற்றைக் கையால் அவிழ்க்க வேண்டும் என்று போட்ட முடிச்சு. இருபத்தைந்து வருடம் கழித்து அது ஒரு நாயின் கழுத்தில் வந்தது. சித்தி அதை அவிழ்க்கவில்லை. அவள் கொடுத்த பதில் அதுதான். அதற்கு மேல் ஒரு வருடம் போல ஒன்றுமே நடக்கவில்லை. லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஆறு பேர். இரண்டு பேர் நின்று ஒரு வார்த்தை பேச அங்கே எங்கே இடம்?

2022 ஜூலை. ஜூன் 27ஆம் திகதியிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்திருந்த நாட்கள். ஆட்டோக்கள் எல்லாம் சாக்கு போர்த்தி நின்றன. இரவில் கரண்டும் வெட்டுவார்கள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நாயை இரண்டு நாளாகக் காணவில்லை. எங்கள் பக்கம் நாய் காணாமல் போனால் புலி தூக்கிக்கொண்டு போயிற்று என்று விட்டுவிடுவார்கள். சிறுத்தையைத்தான் நாங்கள் புலி என்போம்; தேயிலைக்குள் அது வருவதும் லயத்து நாய்களைப் பிடிப்பதும் புதிதல்ல. மாமாவும் அப்படித்தான் சொன்னார். சித்தி பேசாமல் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நான் அப்போது அங்கே இருந்தேன். பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த காலம். இஸ்தோப்பில் நின்று பார்த்தால் கும்மிருட்டு. கீழே கானோரம் ஒரு வெளிச்சம் அசைகிறது, "ராசா... ராசா..." என்று சித்தியின் குரல். சித்தி அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அப்போது மேல் லயத்துப் பக்கமிருந்து இன்னொரு வெளிச்சம் இறங்கியது. "மணீ... மணீ..." என்று ஒரு ஆண் குரல். இரண்டும் மாறி மாறி வந்தன. தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தத்துக்கும் மேலாக இரண்டு பெயர்கள். லயத்தில் ஒவ்வொரு காம்பராக் கதவாகத் திறந்தது. எல்லோரும் இஸ்தோப்பில் வந்து நின்றார்கள். யாரும் பேசவில்லை. பக்கத்துக் காம்பராப் பையன் மட்டும், "ரெண்டு பேரும் ஒரே நாயத்தானே கூப்பிடுறாங்க?" என்று கேட்டான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் பீடியைப் பற்ற வைக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவை மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்து, டேர்பன்டைன் காட்டு ஓரத்தில் ஒன்றாகி நின்றன.

நாய் அங்கே உயிரோடு இருந்தது. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி அதன் இடுப்பில் இறுகியிருந்தது. இழுக்க இழுக்க உள்ளே வெட்டுகிற கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கி, மூன்று நாளில் செத்துப்போனதே, அதே மாதிரிச் சுருக்கு. அவர் கம்பியை அறுக்க, சித்தி அதன் வாயைச் சேலைத் தலைப்பால் கட்டிப் பிடித்துக்கொண்டாளாம். விடிந்ததும் படங்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு டவுன் மிருக வைத்தியரிடம் நடந்தார்கள். நாலு கட்டைத் தூரம், அதாவது நாலு மைல். ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. பகல் வெளிச்சத்தில், கொழுந்து மலையில் நிற்கிற எல்லோரும் பார்க்க, இரண்டு பேரும் ரோட்டில் நடந்து போனார்கள்.

அந்த நாலு கட்டைத் தூரமும் என்ன பேசினீர்கள் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். எழுதுகிறவளுக்கு அந்தப் பேச்சு வேண்டும். நாவலாக இருந்தால் பதினைந்து பக்கம் அங்கேதான் போகும். சித்தி ஒரே பதிலைத்தான் சொல்வாள். "நாயி நல்ல கனம் புள்ள. மாத்தி மாத்தித் தூக்குனோம்."

வைத்தியர் தையல் போட்டு, அட்டை எழுதுவதற்காக நாயின் பெயரைக் கேட்டாராம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். அவர் சிங்களவர். அதை ஒரே பெயராக எடுத்துக்கொண்டு "மணிராசா" என்று எழுதிக் கொடுத்தார். அந்த அட்டை இன்றும் சித்தியின் குவைத் பெட்டிக்குள், பாஸ்போட்டோடு இருக்கிறது.

"இதில் மலையகம் எங்கே?"

இதைக் கதையாக எழுதி, 2023இல் டவுனில் நடந்த ஒரு வாசிப்புக் கூட்டத்தில் வாசித்தேன். முதல் வடிவத்தில் நாய் பிழைத்தது. படங்கைத் தூக்கிக்கொண்டு இருவரும் ரோட்டில் இறங்குவதோடு கதை முடிந்தது. கூட்டத்தில் ஒரு மூத்த எழுத்தாளர் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் எழுத வழி காட்டியவர். அன்பாகத்தான் சொன்னார். "நல்லா எழுதுறீங்க டீச்சர். ஆனா இதில் மலையகம் எங்கே? நாயும் காதலும் யாரும் எழுதலாம். ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்கு நம்ம சனம் பட்ட பாடு இருக்கு, காணி இல்லை, வீடு இல்லை. நம்ம ஆளுகள்ல பிரிஞ்சவங்க திரும்பச் சேர்ந்த கதை எங்க இருக்கு? இது வெளிநாட்டுக்காரன் முடிவு."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

கூட்டம் முடிந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவர் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். தோட்டத்துச் சனத்தை இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்ட 1964 ஒப்பந்தக் கணக்கு நமக்கெல்லாம் மனப்பாடம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதி. அந்தக் கணக்கில் அவருடைய அக்கா ஒரு பக்கம் விழுந்தார், அக்காவுக்குப் பேசி வைத்திருந்த மாமன் மகன் மறு பக்கம் விழுந்தார். மாமன் குடும்பம் சாமான்களோடு லொறியில் ஏறி ஹட்டன் ஸ்டேசனுக்குப் போனபோது அவர்களுடைய நாயும் லொறிக்குப் பின்னாலேயே ஓடியது. தலைமன்னாருக்குப் போகிற அந்த ரயிலைத்தான் ஒப்பாரிக் கோச்சி என்று நம் ஆட்கள் சொல்வார்கள். கோச்சி போய் மூன்று நாள் கழித்து நாய் மட்டும் லயத்துக்குத் திரும்பி, பூட்டின கதவடியில் படுத்ததாம். கோத்தகிரியிலிருந்து இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. "நாய் வந்துச்சு டீச்சர். ஆள் வரல்ல." கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்து அன்று இரவே முடிவை மாற்றினேன். சுருக்குக் கம்பி போய், புலி வந்தது. நாய் செத்தது. அந்தப் பெண் கீழ் லயத்துக்கும் அந்த மனிதர் மேல் லயத்துக்கும் திரும்பிப் போனார்கள். எழுதும்போது கண்ணீர் வந்தது. அது உண்மையான கண்ணீர்தான். ஆனால் யாருக்காக அழுதேன் என்று சித்தி கேட்ட பிறகுதான் விளங்கியது. அந்த அக்காவுக்காக அழுதிருக்கிறேன். அவருடைய அக்காவின் கதையைக் கொண்டுவந்து என் சித்தியின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறேன். அந்த அக்காவின் கதை எழுதப்பட வேண்டியது. அதை அந்தப் பெரியவர்தான் எழுத வேண்டும், அல்லது அவரிடம் கேட்டு நான் எழுத வேண்டும். அதற்காக, நாலு கட்டை நடந்து போய் வாழ்க்கையைத் திரும்ப எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணை, சோகம்தான் நமக்குப் பொருந்தும் என்று பழைய காம்பராவுக்கே அனுப்ப எனக்கு என்ன உரிமை?

சித்தி திரும்பிப் போகவில்லை. முதலில் வீடுதான் பிரச்சினை. அண்ணன் காம்பராவிலும் தம்பி காம்பராவிலும் ஒண்டியிருக்கிற இரண்டு பேர் எங்கே சேர்ந்து வாழ்வது? இருவருக்கும் செக்ரோலில், தோட்டத்து வேலைப் பதிவில், பெயர் இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்று 2015க்குப் பிறகு சில தோட்டங்களில் கட்டினார்கள், எங்கள் டிவிசனுக்கு இன்னும் வரவில்லை. கடைசியில் டவுனுக்குப் போகிற வழியில், ஒரு கடைக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. அதற்கு முன் பார்த்த இரண்டு இடத்தில் நாய் கூடாது என்றார்கள், இவர்கள் வேண்டாம் என்று வந்துவிட்டார்கள். சித்தி குவைத்திலிருந்து மிச்சம் பிடித்த காசில் ஒரு தையல் மெசின் வாங்கினாள். அவர் சம்பள நாட்களில் துணி மூட்டையோடு லயம் லயமாகப் போகிறார். கோவிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். நானும் அம்மாவும் போனோம். மாமா வரவில்லை.

காமன் பொட்டல்

"பிரிந்தவர்கள் சேர்ந்த கதை நம்மிடம் எங்கே இருக்கிறது" என்ற கேள்விக்கு அன்றைக்கே எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். நான் வளர்ந்த இடமே காமன் கூத்து ஆடுகிற பொட்டலுக்குப் பக்கத்து லயம். மாசி அமாவாசை கழிந்து காமன் ஊன்றினால், ரதியும் மதனும் வேடம் கட்டி லயம் லயமாக ஆடி வருவார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரிப்பார். ரதி ஒப்பாரி வைப்பாள். வேடம் கட்டியிருப்பது எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் என்று தெரிந்தும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். கதை அங்கே நிற்பதில்லை. எரிந்தவனை ரதி கேட்டு வாங்குகிறாள். மன்மதன் எழும்புகிறான். அந்த எழுப்புதல் இல்லாமல் கூத்தை முடிக்க எந்த வாத்தியாரும் துணிய மாட்டார். பெயர் வெட்டி, துண்டு கொடுத்து, கோச்சி ஏற்றி விடப்பட்ட சனம், இத்தனை வருடமாக மாசிக்கு மாசி இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தது பிரிந்தவர்கள் சேருகிற கதையைத்தான். அந்தப் பெரியவரும் சின்ன வயதில் தப்பு மேளச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்திருப்பார். அடுத்த தடவை சந்திக்கும்போது அவரிடம் இதைச் சொல்ல வேண்டும். சண்டை பிடிக்க இல்லை. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

சித்தி அந்தக் கேள்வியைக் கேட்டது 2024 தை மாதம். அதற்குப் பிறகு காமன் கூத்து வந்தது. எழுப்புகிற இரவுக்கு இரண்டு பேரும் தோட்டத்துக்கு ஏறி வந்தார்கள். நாயும் கூடவே வந்தது. வாசனை பிடித்துக்கொண்டு முதலில் மேல் லயத்துக்கு ஓடி, பிறகு கீழ் லயத்துக்கு ஓடி, இரண்டு பக்கமும் தன் பழைய சட்டிகளைத் தேடிவிட்டுப் பொட்டலுக்கு வந்து சேர்ந்தது. நல்ல பனி. எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றோம். மாமா கூத்துக்கு முன்னால் நின்று ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் வாயில் சித்தியின் வீட்டுக்காரர் "அந்தாளு"தான். நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

ரதியின் ஒப்பாரி முடிந்தது. தப்பைச் சூடு காட்ட வைக்கோல் கொளுத்தினார்கள். நாலு தப்பும் ஒன்றாக இறங்கப் போகிற நேரம். மாமா சுற்றிப் பார்த்தவர், நாய் நிற்கிற இடத்தைக் கண்டுவிட்டு, கூட்டத்தைத் தாண்டிக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"மச்சான், நாயக் கொஞ்சம் புடிச்சுக்கங்க. தப்புச் சத்தத்துக்கு மெரண்டு ஓடிரும்."

நான் சித்தியைப் பார்த்தேன். அம்மாவும் சித்தியைத்தான் பார்த்தாள். அவர் குனிந்து மணியைப் பிடித்துக்கொண்டார். சித்தி பக்கத்தில் குந்தி, ராசாவின் இரண்டு காதையும் பொத்தினாள்.